கட்டுவிரியன் பர்மாத் தேக்கோடு வந்ததா?

செட்டிநாட்டு வீடுகளில் காணப்படும் கட்டுவிரியன் பர்மாத் தேக்கு மரங்களோடு கப்பலில் வந்த அயல்நாட்டுப் பாம்பு என்றும், அதனால் நம் ஊர் விஷமுறிவு மருந்து அதற்குக் கேட்காது என்றும் ஒரு பதிவில் எழுதப்பட்டிருப்பது தவறு. பாகிஸ்தான் முதல் இலங்கை வரை இயல்பாகவே வாழும் இப்பாம்புக்கு ஜெர்மானிய இயற்கையியலாளர் ஷ்னைடர் 1801-லேயே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். பர்மாத் தேக்கில் இங்கே வளவுகள் எனப்படும் பெரிய வீடுகள் எழும்பியதோ அதற்கு வெகுகாலம் பின்னர். பர்மாவில் காணப்படும் மஞ்சள், கறுப்புப் பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் வேறு இனம்.

அப்பதிவோடு இணைத்துள்ள படத்தில் இருப்பது கட்டுவிரியனே அன்று. பல்லி தேடிச் சுவரேறும், நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன் என்றே தோன்றுகிறது. அதன் பழுப்பு உடலில் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கோ, பளபளக்கும் கருநீல உடலில், பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்த மெல்லிய வெண்கோடுகள் தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால்பக்கம் தெளிவாகும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாகப் பெரிதாயிருக்கும். (செதிலைப் பார்க்க யாரும் கிட்டே போக வேண்டாம்.)

மருந்தைப் பற்றிய கூற்றுதான் ஆபத்தானது. அரசு மருத்துவமனைகளில் தரப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகவே தயாரிக்கப்படுகிறது.