அது அவன் சொல்ல வேண்டிய செய்தி

இங்கே மொரிஷியஸில் ஒரு பையன் தன் நண்பனை நம்பி அந்தரங்கமாக எழுதியதை, அந்த நண்பன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டான். சனிக்கிழமையிலிருந்து அதைப் பற்றித்தான் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எந்த கொலேஜ் (உயர்நிலைப் பள்ளி), எந்த வகுப்பு என்று இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. பின்னூட்டத்தில் யாராவது பெயர் போட்டால் அழித்துவிடுவேன். ஆனால் "அந்த நண்பன் என்ன தப்பு செய்தான், உண்மையைத்தானே அனுப்பினான்?" என்று இத்தனை பேர் கேட்பதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உண்மைதான். ஆனால் அது அதை எழுதிய பையன் சொல்ல வேண்டிய உண்மை. எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் என்பதெல்லாம் அவன் முடிவு. பதினாறு வயதுப் பையன் ராத்திரி ஒருவனை மட்டும் நம்பி, "எனக்குப் பெண்கள் மேல் அந்த மாதிரி ஈர்ப்பு வருவதில்லை, பையன்கள் மேல்தான் வருகிறது" என்று எழுதுகிறான். காலையில் அது லெசன், அதாவது டியூஷன் வகுப்பின் குழுவில் கிடக்கிறது. மத்தியானம் அம்மாமார்கள் குழுவில். சாயங்காலம் அவன் அப்பாவின் கைபேசியில்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து அந்தப் பையன் காவடி எடுத்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். தார்ச்சாலை கொதித்தது. அவன் கால் வைக்கும் இடத்திலெல்லாம் முன்னால் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவன் யார்? இதே நண்பன்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அவனும் சின்னப் பையன்தானே, பயந்திருப்பான் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒரு நண்பன் இப்படிச் சொன்னால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. "இவனோடு சுற்றுகிறாயே, நீயும் அப்படியா?" என்று கேட்பார்களே என்ற பயத்தில்தான் பல பையன்கள் முந்திக்கொண்டு ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். சரி, பயப்படட்டும். பயந்தவன் பேசாமல் இருந்திருக்கலாமே.

சொல்லித் தராதது நம் குறை, இப்போதாவது சொல்லித் தருவோம். முதலில், "என்னிடம் சொன்னது நல்லது" என்று ஒரு வார்த்தை. "உறுதியாகத் தெரியுமா? இது வயசுக் கோளாறாக இருக்கும்" என்பதெல்லாம் வேண்டாம், அதை அவனே தனக்குள் ஆயிரம் முறை கேட்டுப் பார்த்திருப்பான். அப்புறம் கேட்க வேண்டியது: வேறு யாருக்குத் தெரியும்? வீட்டில் தெரியுமா? தெரிந்தால் அடிப்பார்களா, வெளியே அனுப்புவார்களா? எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளையிடம் அவள் தோழி இப்படிச் சொன்னது க்யூர்பிப் நகரப் பேருந்தில். இவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்குத் தெரியுமா?" இல்லை என்றதும், இதை இனி வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், நேரில் மட்டும் பேசுவோம் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே அந்தப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது.

எழுதத்தான் வேண்டும் என்றால், பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அறிவிப்பை நிறுத்துங்கள். தானாக மறையும் செய்தி என்று வைத்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதை அது தடுக்காது. பக்கத்தில் இன்னொரு கைபேசி இருந்தால் எதையும் படம் பிடித்துவிடலாம். தவறுதலாக அனுப்பியதை எல்லோருக்கும் அழிக்க ஏறக்குறைய இரண்டரை நாள்தான் அவகாசம். குழுவின் அட்மினும் அழிக்க முடியும். ஆனால் ஏற்கெனவே கேலரியில் இறங்கிய படம் அங்கேயே தங்கிவிடக்கூடும். அழிப்பதற்கு முன்னால் தேதி, எண், குழுவின் பெயர் மூன்றும் தெரிகிற மாதிரி பாதிக்கப்பட்ட பிள்ளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

"பெற்றோருக்குத் தெரிய உரிமை இல்லையா?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அக்கா, உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து சொல்வதும், உங்கள் கைபேசிக்கு யாரோ அனுப்பிய படத்தில் நீங்கள் பார்ப்பதும் ஒன்றா? பயம் தெளிந்து, தேர்வு முடிந்து, அவனே ஒருநாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்திருப்பான். அந்த நாளை உங்களிடமிருந்தும் பறித்துவிட்டார்கள்.

மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்கிறவர்களுக்கு: வெளியிலிருந்து வந்தது தண்டனைதான். மொரிஷியஸின் 1838ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 250ஆம் பிரிவு, ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது, ஐந்து ஆண்டு வரை சிறை. மனமொத்த பெரியவர்கள் மீது அதைப் பயன்படுத்த முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது. அது இந்த மண்ணின் விழுமியத்திலிருந்து வந்ததல்ல, காலனி ஆட்சி விட்டுப்போனது என்றும் சொன்னது. சம வாய்ப்புச் சட்டம் 2008லேயே பாலியல் நாட்டத்தைப் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் சேர்த்துவிட்டது. தன்பாலீர்ப்பு நோயல்ல என்று உலக சுகாதார அமைப்பு 1990 மே 17இலேயே முடிவெடுத்தது. மந்திரிக்க வேண்டும், வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று இன்றைக்கும் எழுதுகிற உங்களுக்கு யார் எதைச் சொல்லித்தான் புரியும்?

அடுத்த வருடம் அவன் காவடி எடுக்கலாமா என்று ஒரு குழுவில் பேச்சு நடக்கிறதாம். பத்து நாள் உப்பும் புளியும் அளந்து சாப்பிட்டு, வெறுந்தரையில் படுத்த பிள்ளை. முருகனுக்கு முன்னால் நிற்க உங்களிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? அந்தப் படத்தை அனுப்பியது ஒரு பையன். அதை மற்ற குழுக்களுக்குத் தள்ளிவிட்ட நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு என்ன பயம்? உங்களை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நண்பனை விட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், எழுதும்போதுதான் அது தெரிகிறது. அட்மின் இதைப் படிக்கிறார் என்று தெரியும். இன்றைக்கே அழியுங்கள்.

அந்தப் பையனுக்கு வீட்டில் அடியோ மிரட்டலோ நடப்பது யாருக்காவது தெரிந்தால் 113க்கு அழையுங்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்கான எண் அது.

நண்பனே, நீயும் இதைப் படிப்பாய். மன்னிப்புக் கேட்கப் போவதானால் செய்தி அனுப்பாதே, யாரையும் துணைக்குக் கூட்டிப்போகாதே. யார் யாருக்கு அனுப்பினாய் என்ற முழுப் பட்டியலோடு நேரில் போ. பயந்துவிட்டேன் என்பதைக் காரணமாகச் சொல்லாமல், அனுப்பியது நான்தான் என்று சொல். அவன் பேசாமல் கதவைச் சாத்தினால் மறுபடி தட்டாதே. குழுவில் அடுத்த முறை அவன் பெயர் வரும்போது நீ என்ன எழுதுகிறாய் என்று அவன் பார்ப்பான்.