பெட்டக அறையை விட்டுவிட்டீர்களே!

பழைய வங்கிக் கட்டடங்களைக் கடையாகவோ ஹோட்டலாகவோ மாற்றுவது எளிது, பெரிய ஹால் தயாராகவே இருக்கிறது என்கிறது உங்கள் கட்டுரை. ஹால் சரி. பணத்தையும் நகையையும் பூட்டிவைக்கக் கீழே கட்டிய பெட்டக அறையை என்ன செய்வது?

அதன் சுவரும் தளமும் கூரையும் கம்பி கட்டிய கான்கிரீட். யாரும் துளைத்து உள்ளே வரக்கூடாது என்றே கட்டியது. ஜன்னல் கிடையாது, வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே நாற்பது பேரை உட்காரவைக்க வேண்டுமானால் தீ விபத்தில் வெளியேற இன்னொரு வழி, காற்றோட்டக் குழாய் எல்லாம் வேண்டும். வைர முனை ரம்பத்தால் அறுக்கவேண்டியிருக்கும். பட்ஜெட் அங்கேதான் கரையும். மொபைல் சிக்னலும் சிரமம்தான்.

லண்டனில் மிட்லண்ட் வங்கியின் தலைமையகம் 2017-இல் ‘தி நெட்’ ஹோட்டலானது. புதுடெல்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ் கட்டியது. பெட்டக அறையை இடிக்காமல் மதுக்கூடமாக்கினார்கள். பல டன் எடையுள்ள வட்டக் கதவைத் தாண்டிப் போனால், சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான லாக்கர்களின் சின்னச் சின்னக் கதவுகள். மேலே ஹாலில் பச்சைக் கல் தூண்களும் வால்நட் மரக் கவுன்டர்களும் அப்படியே.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 2015 முதல் ஒரு வங்கியின் வண்ணக் கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே சூப்பர் மார்க்கெட் நடக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். அறை வாடகை கொடுக்காமல் யாரும் உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம்.

அப்புறம், ஹாலின் நடுவே இடைத்தளம் போட்டு இடத்தை இரட்டிப்பாக்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். அந்த உயரம் போனால் அங்கே வாடகைக்கு விட என்ன மிச்சம்?