அந்த நீல அங்கி கம்ப்யூட்டர் பூசிய நிறம் அல்ல

கட்டுரையில் வந்துள்ள, மத்திய ஆசியாவில் இருந்த புகாரா நாட்டின் அமீர் (மன்னர்) ஆலிம் கானின் 1911ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏஐ வைத்து கலர் அடித்திருக்கிறார்கள்" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. அந்த நீலப் பட்டு அங்கியின் நிறம் எடுத்தபோதே பதிவானது.

படம் எடுத்த ரஷ்யர் செர்கே புரோகுதின்-கோர்ஸ்கி வேதியியல் படித்தவர். ஒரே நீளமான கண்ணாடித் தகட்டில் நீலம், பச்சை, சிவப்பு ஃபில்டர்கள் வழியாக அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பார். மூன்றுமே கறுப்பு வெள்ளைதான். ஒவ்வொன்றையும் அது எடுக்கப்பட்ட ஃபில்டரின் நிற ஒளியில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்தால் முழு வண்ணம் வந்துவிடும். ஜார் மன்னர் இருட்டறை வைத்த ரயில் பெட்டியே கொடுத்து நாடு முழுக்க அனுப்பினார் என்றால் பாருங்கள்!

மூன்று முறை எடுப்பதற்குள் எது அசைந்தாலும் ஓரத்தில் நிறம் பிசிறடிக்கும். ஓடும் தண்ணீரைப் பாருங்கள், வானவில் கோடுகள் தெரியும். சிலர் அதையும் துடைத்துவிட்டுப் பகிர்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அசல் படம் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் ஏது?

புரோகுதின்-கோர்ஸ்கி 1918இல் ரஷ்யாவை விட்டுப் போனார், 1944இல் பாரிஸில் இறந்தார். 1948இல் தகடுகளை வாரிசுகளிடமிருந்து அமெரிக்க காங்கிரஸ் நூலகம் வாங்கியது. இப்போது அந்த நூலகத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். மூன்று கட்டமாக இருக்கும் மூல நெகட்டிவும் கூடவே இருக்கிறது. சந்தேகப்பட்ட நண்பர் அதைத் திறந்து பார்க்கட்டும்.

அப்புறம் ஆசிரியருக்கு: படத்தின் கீழே வருடத்தோடு எடுத்தவர் பெயரையும் போடுங்கள்.