சோவியத் படை போனதுமே காபூல் விழவில்லை

"ஆப்கானிஸ்தானைவிட்டு சோவியத் படை கிளம்பியதுமே, அது தாங்கிப் பிடித்திருந்த அதிபர் நஜிபுல்லாவின் ஆட்சி கவிழ்ந்தது, போர் முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதியைப் பாருங்கள். சோவியத் படைத் தளபதி ஜெனரல் குரோமோவ் எல்லையிலுள்ள அமு தர்யா ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனது 1989 பிப்ரவரி 15. தலைநகர் காபூல், ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்கள் கைக்குப் போனது 1992 ஏப்ரலில். நடுவில் மூன்று வருடத்துக்கும் மேல்! படை போன மறுமாதமே பாகிஸ்தான் ஆதரவோடு கிழக்கு நகரமான ஜலாலாபாத்தைத் தாக்கிய முஜாஹிதீன்களால் அதைப் பிடிக்கவே முடியவில்லை.

சரி, நஜிபுல்லா எப்படித் தாக்குப்பிடித்தார்? படைதான் போனது, மாஸ்கோவின் பணம், ஆயுதம், எரிபொருள், உணவு, ஸ்கட் ஏவுகணைகள் எல்லாம் வந்துகொண்டேதான் இருந்தன. வடக்கின் உஸ்பெக் படைத்தலைவர் தோஸ்தம் போன்ற தளபதிகளைக் கூடவே வைத்திருந்ததும் அந்தப் பணம்தான். 1992 ஜனவரி 1 முதல் இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதில்லை என்று அமெரிக்காவும் சோவியத்தும் முந்தைய செப்டம்பரில் ஒப்புக்கொண்டன. டிசம்பரில் சோவியத்தே கலைந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில் போர் விமானங்கள் முடங்கின, தோஸ்தம் அணி மாறினார், நாலே மாதத்தில் கதை முடிந்தது.

ஆட்சியின் கதைதான், போரின் கதை இல்லை. ஜெயித்தவர்கள் உடனே தங்களுக்குள் சண்டையைத் தொடங்கினார்கள். காபூல் நகரம் பெருமளவு இடிந்தது அப்புறம்தான்.