ஏரோ கப்பலோட ரிஜிஸ்டர்

பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த ரெண்டாவது அபின் போர் ஏன் வந்துச்சுன்னு கேட்டா, ஏரோங்கற கப்பல்ல இருந்த பிரிட்டிஷ் கொடிய சீனாக்காரங்க இறக்கிட்டாங்கன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. அந்தக் கப்பலோட பேப்பர யாரும் பாக்கறதே இல்ல, எனக்கு ஆத்திரம் வர்றது அங்கதான்.

பிரிட்டனும் சீனாவும் போட்ட 1843 போக் ஒப்பந்தப்படி பிரிட்டிஷ்காரங்க அஞ்சு சீனத் துறைமுகத்துல மட்டும்தான் வியாபாரம் பண்ணலாம்: கான்டன் (இப்ப குவாங்சோ), அமோய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய். வேற துறைமுகத்துக்குப் போனா கப்பல், சரக்கு எல்லாத்தையும் சீன அதிகாரிங்க பறிமுதல் பண்ணலாம். இது ரெண்டு நாடும் கையெழுத்து போட்டது. ஆனா 1855ல பிரிட்டிஷ்காரங்க கையில இருந்த ஹாங்காங் காலனி தானா ஒரு சட்டம் போட்டு, அங்க குடியிருக்கற சீனாக்காரங்க கப்பலுக்கும் வருஷா வருஷம் ரிஜிஸ்டர் (பதிவுப் பத்திரம்) குடுத்து பிரிட்டிஷ் கொடி கட்டிக்கலாம்னு சொல்லிடுச்சு. சீனாவோட குடிமக்கள சீனாவோட ஆத்துலயே சீனச் சட்டத்துலருந்து காப்பாத்த ஒரு காலனிக்கு யார் அதிகாரம் குடுத்தது? லண்டன் பிரபுக்கள் சபையிலயே லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு இதக் கேட்டார், அந்நியனுக்கு உனக்கு எதிரா என்ன உரிமை வேணா குடு, இன்னொரு நாட்டுக்கு எதிரா குடுக்க உன்னால முடியாதுன்னு.

சரி, அந்தச் சட்டத்தையே ஒத்துக்குவோம். அதுப்படி ஏரோ வாங்கின ரிஜிஸ்டர் 1856 செப்டம்பர் 27ல முடிஞ்சிருச்சு. கான்டன்ல சீன அதிகாரிங்க ஏறி கடற்கொள்ளை சந்தேகத்துல 12 மாலுமிங்கள பிடிச்சது அக்டோபர் 8. பதினோரு நாள் தாண்டிருச்சு! ஹாங்காங் கவர்னர் பவ்ரிங்குக்கு இது தெரியாம இல்ல, அக்டோபர் 11ல கான்டன்ல இருந்த பிரிட்டிஷ் கான்சல் (தூதரக அதிகாரி) பார்க்ஸுக்கு அவரே எழுதுறார், அந்தக் கப்பலுக்குக் கொடி கட்டற உரிமையே இல்லன்னு. அடுத்த ரெண்டு நாள்ல, காலாவதியானது சீனாக்காரங்களுக்குத் தெரியாதேன்னு மாத்திப் பேசுறார். எனக்கு இதுதான் மொத்த விவகாரத்துலயும் மோசமான வரி. கான்டன் ஆளுநர் யே மிங்ச்சென் 12 பேரையும் திருப்பி அனுப்பியும், மன்னிப்பு கேக்கலன்னு பார்க்ஸ் வாங்க மாட்டேன்னுட்டார், அந்த மாசமே கான்டன் ஊருக்குள்ள பிரிட்டிஷ் பீரங்கி குண்டு விழுந்துச்சு.

1857 மார்ச்ல பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோட காமன்ஸ் சபை 263க்கு 247ன்னு அரசாங்கத்தக் கண்டிச்சுது, பிரதமர் பாமர்ஸ்டன் சபையக் கலைச்சு தேர்தல்ல ஜெயிச்சு போரத் தொடர்ந்தார். யே மிங்ச்சென் பிடிபட்டு கல்கத்தால கைதியா இருந்து 1859ல அங்கயே இறந்து போனார்.

அபின் போர் பத்தி எழுதுற நண்பர்களே, கொடியப் பத்தி எழுதினா அந்த செப்டம்பர் 27ஐயும் சேத்து எழுதுங்க.