ஐந்தே நிமிடம், சிஸ்டர்

11 பொன்னாடைகள். நானே எண்ணினேன். முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பைக்குள் சர்க்கரைப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினேன்.

நம் ஊரில் விருந்தினரைக் கௌரவிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், இல்லையென்றால் அதன் பின்னால் பசியோடு நின்றிருப்பீர்கள். ஆனால் இங்கே நாற்காலியில் இருந்தவருக்கு 78 வயது. காலை 7 மணிக்கு இன்சுலின் போட்டவர். நாங்கள் இருந்தது கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் போக வேண்டிய மேல்மலைக் கிராமம். இதையெல்லாம் சபைச் செயலாளரிடம் வியாழக்கிழமையே போனில் சொல்லிவிட்டேன். "ஐயா ஒரு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும்" என்று இரண்டு முறை சொன்னேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சிஸ்டர்" என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். 9 மணி ஆராதனை 10.10க்குத் தொடங்கியது. ஐயாவும் அம்மாவும் 8.50க்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வாலிப வயதில் வந்து, சமவெளிக் கிராமங்களில் பள்ளிக்கூடமும் மருந்தகமுமாக ஆயுளில் பாதியைக் கழித்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊழியத்துக்கென்று திரும்பி வந்தவர்கள். ஒரு நாளும் தாமதமாக எங்கும் போனதில்லை. கல் தரையின் குளிர் முழங்காலில் ஏற ஏற, அம்மா பாமாலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஐயா பிரசங்க பீடத்தில் ஏறினார். "கர்த்தருக்குள் பிரியமானவர்களே" என்றார். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு வாலிபர் மைக்கைப் பிடித்து, "கர்த்தருக்குள் பிரியமானவர்களே" என்றார். மொழிபெயர்ப்பாளராம்! ஐயா பேசியதே தமிழ். அதைத் தமிழிலேயே திரும்பச் சொல்ல ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். ஐயா நின்று, அவரைப் பார்த்து, "தம்பி, நான் தமிழில்தானே பேசுகிறேன்" என்றார். தம்பி மைக்கில், "நான் தமிழில்தானே பேசுகிறேன்" என்றார். இது நடந்தது. நான் அங்கே இருந்தேன். 20 நிமிடப் பிரசங்கம் 40 நிமிடம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து நிறுத்தவில்லை. வெள்ளைக்காரர் என்றால் மொழிபெயர்ப்பு உண்டு, அது முறை, அவ்வளவுதான். 1856இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லே எழுந்து வந்து பேசியிருந்தாலும் இவர்கள் பக்கத்தில் ஒரு தம்பியை நிறுத்தியிருப்பார்கள்.

ஆசீர்வாதம் முடிந்தபோது மணி 12.25. சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து பிரியாணி வாசனை வந்துவிட்டது. நான் எழுந்து ஐயாவின் கைத்தடியை எடுத்தேன். "சபையார் அமருங்கள், ஒரு சிறிய பாராட்டு" என்று ஒலிபெருக்கி சொன்னது.

மாதர் சங்கம் ஒரு பொன்னாடை. வாலிபர் சங்கம் ஒன்று. ஞாயிறு பள்ளி ஒன்று. பாடகர் குழு ஒன்று. கோயில் கட்ட நிலம் கொடுத்த குடும்பத்தின் பேரன் ஒன்று. அவருடைய தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் தம்பி தனியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஐயா எழ வேண்டும், குனிய வேண்டும், கைகூப்ப வேண்டும், படம் எடுக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். ஏழாவது பொன்னாடையைப் போர்த்தியபோது படம் எடுத்தவரின் போனில் இடம் இல்லை. பொன்னாடையைக் கழற்றி, மடித்து, போனில் எதையோ அழித்து, மறுபடி போர்த்தினார்கள். போர்த்தியவர் சிரிக்கவில்லை என்று மூன்றாம் முறையும் போர்த்தினார்கள். 78 வயது மனிதரை ஒரு படத்துக்காக மூன்று முறை எழுப்பி உட்கார வைத்தார்கள்!

மணி 1.05. நான் செயலாளரிடம் போய், "ஐயாவுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்" என்றேன். "ஐந்தே நிமிடம், சிஸ்டர். வரலாறு மட்டும் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

சொன்னார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலும் காலராவும் தாங்காமல் கொடைக்கானலுக்கு ஏறி வந்து சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டியதைச் சொன்னார். கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் இறந்ததையும், உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ததையும் சொன்னார். வேலூரில் மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடர் கடைசிக் காலத்தை இந்த மலையில் கழித்து 1960இல் கண்மூடியதைச் சொன்னார். எல்லாம் உண்மை. உருக்கமாகவும் சொன்னார். இறந்துபோன மிஷனரிகளுக்காக அவர் குரல் தழுதழுத்தது. உயிரோடிருந்த மிஷனரி அவருக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார், அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

நான் 34 வருடம் செவிலியாக வேலை பார்த்தவள். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியவர்களே நடுங்கும் குளிரில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஐயாவின் விரல்கள் பொன்னாடையின் சரிகையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நான் யாரையும் கேட்கவில்லை. மேடையில் ஏறி, விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன். 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி அவர் வாயில் வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்தினேன். 81 வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு பொன்னாடைகள் வந்தன. ஒன்பதாவதும் பத்தாவதும். உட்கார்ந்தபடியே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். பதினோராவதை எனக்குப் போர்த்த வந்தார்கள். நான் அதைப் பிடுங்கி நாற்காலியில் எறிந்தேன். ஒரு கோயிலுக்குள் நான் அப்படிச் செய்தது சரியல்ல என்று இன்று காலை ஒருவர் போனில் எனக்குப் புத்தி சொன்னார். அவருக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். மறுபடியும் போர்த்த வந்தால் மறுபடியும் எறிவேன்.

அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். கேரட், பூண்டு விற்ற காசில் அந்தப் பொன்னாடைகளை வாங்கிய மக்கள் அவர்கள். ஆனால் அந்த அன்பை ஒரு தட்டுச் சோறாக, நேரத்துக்கு, ஏன் கொடுக்க முடியாது? அந்தக் காலத்து மிஷனரிகள் உயிர் பிழைக்க இந்த மலைக்கு ஏறினார்கள். நாம் இன்றைய மிஷனரியை இந்த மலை உச்சியில் வைத்துப் பட்டினி போட்டுக் கொண்டாடுகிறோம். அந்தப் பளபளப்புத் துணி இந்த ஊர்க் குளிருக்குப் போர்த்திக்கொள்ளக்கூட உதவாது. அம்மாவின் அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருக்கிறது.

திரும்பும் வழியைச் சொன்னால் தனிக் கதை. மூன்று நாள் தொடர் விடுமுறை. 2025 ஏப்ரலிலிருந்து உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார இறுதியில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தபோது நான் எவ்வளவு நிம்மதிப்பட்டேன்! அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்த அத்தனை வண்டிகளும் மோயர் முனையிலிருந்து ஏரி வரைக்கும் எங்கள் முன்னால்தான் நின்றன. நடுச்சாலையில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து போட்டு, மூடுபனியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். உள்ளூர்க்காரன் வீட்டுக்குப் போக வேண்டாமா? அவனுக்கு வீடு இல்லையா?

ஞாயிறு மாலை 6.30க்கு ஐயா, அம்மாவின் பேரன் போனில் வருவான். அங்கே அப்போது காலை. அவன் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசுவார்கள். இவர்கள் வாரம் முழுவதும் அந்த அரை மணிக்காகத்தான் காத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். 6.30க்கு நாங்கள் ஏரிக்கு மேலே சாலையில், சிக்னல் இல்லாமல் நின்றோம். வீட்டுக்குள் நுழைந்தபோது 7.40. அம்மா கோட்டைக் கழற்றாமல் போனை எடுத்துப் பார்த்தார். தவறிய அழைப்பு நான்கு. பிறகு ஒன்றும் சொல்லாமல் பொன்னாடைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.

செயலாளரின் மனைவி கட்டிக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தைச் சூடாக்கி இரவுச் சாப்பாட்டுக்கு வைத்தேன். ஐயா கண்ணை மூடி ஜெபித்தார். உணவுக்காக ஜெபித்தார். பேரனுக்காக ஜெபித்தார். பிறகு செயலாளரின் பெயரைச் சொல்லி, அவர் குடும்பத்துக்கும் அவருடைய உழைப்புக்கும் ஆசீர்வாதம் கேட்டார். அம்மா "ஆமென்" என்றார்.

நான் சொல்லவில்லை.