"விமர்சன நோக்கு போதாது" என்றால் என்ன செய்வது?

பல்கலைக்கழகக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் ஓரத்தில் அடிக்கடி எழுதுவது "விமர்சன நோக்கு போதாது" என்பதைத்தான். எப்படி நோக்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறவர்கள் குறைவு. அதனால் மாணவர்கள் இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் "மாதிரி அளவு சிறியது" என்று ஒரு வரி சேர்த்துக் கடமையை முடித்துக்கொள்கிறார்கள்.

இதைப் பயிலரங்கு வைத்துச் சொல்லித்தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தால் தானாக வரும்.

1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையையே எடுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பீதியைக் கிளப்பிய அதே கட்டுரைதான். அதில் இருந்தவர்கள் வெறும் 12 குழந்தைகள். அவர்களில் 8 பேருக்கு அறிகுறிகள் தொடங்கியதை ஊசியோடு முடிச்சுப் போட்டது பெற்றோர் அல்லது மருத்துவரின் சொல். சரி, ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா? இல்லை. ஊசி போடும் வயதும் ஆட்டிச அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்கும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, தற்செயலாக இருக்கக் கூடாதா? இதில் இன்னொரு வேடிக்கை, தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது! லான்செட் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். உள்ளே நடந்த முறைகேடுகளைக் கண்டுபிடிக்கப் பத்திரிகையாளர் தேவைப்பட்டார். ஆனால் மேலே உள்ள கேள்விகளை முதலாண்டு மாணவரே வெளியான அன்றே கேட்டிருக்கலாம்.

அடுத்தவர் கட்டுரையில் ஓட்டை பார்ப்பது சுலபம். கஷ்டம் நம்முடையதில்தான். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 எந்த விதிப்படி வருகிறது, வேறு எண்களைச் சொல்லிச் சோதித்துக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்று, 'இரண்டிரண்டாகக் கூடுகிறது' என்ற தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே நீட்டினார்கள். விதியோ, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும். 1, 2, 50 என்று கேட்டிருந்தால் ஊகம் உடைந்திருக்கும்.

முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஆதரவான மேற்கோள்களைத் தேடுகிறோமே, அதுவும் இதேதான். தேடல் பெட்டியில் ஒருமுறை எதிர்த்தரப்பைத் தட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், குறைந்தது 20 மேற்கோள் வேண்டும் என்கிற ஆசிரியர்களே, அதை ஐந்தாக்குங்கள். ஐந்தையும் முழுசாகப் படித்தார்களா என்று கேட்க உங்களுக்கும் நேரம் மிஞ்சும்.